தந்தி வராத வரைக்கும்

என் அம்மாவின் சாவுக்கு நான்தான் காரணம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. விதி என்பார்கள், வயசு என்பார்கள், ரத்தக்கொதிப்பு என்பார்கள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும். எழுதி வைத்துவிட்டால் பிறகு யாரும் வந்து ஆறுதல் சொல்ல முடியாது பாருங்கள், அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே உள்ள மேட்டாங்காடு. சோளமும் கடலையும் போட்டு, மழை பெய்தால் சாப்பிட்டு, பெய்யாவிட்டால் கிணற்றை இன்னும் இரண்டு கஜம் தோண்டுகிற ஜனங்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் உயிரோடு இருக்கிறவர்களைப் போட்டோ எடுக்கிற வழக்கம் இல்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். செத்துப்போனால் எடுப்பார்கள், அதுவும் வசதி உள்ள வீட்டில்தான். சேலத்திலிருந்து ஆள் வருவார். பிணத்தைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்து நாற்காலிக்குப் பின்னால் துண்டால் கட்டி எடுப்பார்கள். பத்து நாள் கழித்து அந்தப் படம் கண்ணாடி போட்டு வந்து சேரும். கிழக்குப் பார்த்த சுவரில் மாட்டி விளக்கு வைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போட்டோ என்றால் இதுதான். வேறு விதமான போட்டோவை அவர்கள் பார்த்ததே இல்லை.

எனக்கு இந்தத் தொழில் மேல் பைத்தியம் பிடித்ததும் அப்படி ஒரு சாவு வீட்டில்தான். ஊரில் பெரிய பண்ணையக்காரர் ஒருவர் இறந்தபோது, வெளிச்சத்துக்காக வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சேலத்துக்காரர் கேட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் நிற்க எல்லோரும் தயங்க, நான் போய் நின்றேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அவரையே தொற்றிக்கொண்டு சேலம் போனேன். மூன்று வருஷம் அவர் கடையில் இருந்தேன். நல்ல மனுஷர். "எனக்குத் தெரிஞ்சது அரைத் தொழில்தான், முழுசும் கத்துக்கணும்னா ரங்கூன்ல ஒரு ஜப்பான்காரர் இருக்கார், அங்கே போ" என்று அவரே கடிதம் கொடுத்தார்.

அண்ணன் குதித்தான். அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் எல்லாம். மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க ஆள் இல்லாமல் கிணற்றடி காய்கிறது, இவன் கடல் தாண்டிப் போய்ப் போட்டோப் பெட்டியைத் தூக்கப் போகிறானா, ஆறு மாதத்தில் திரும்பி ஓடி வருவான் பார் என்றான். அம்மா முதலில் எனக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து பார்த்தாள். பெண்டாட்டி வந்தால் கால் கட்டுப்படும் என்று எண்ணம். ஒரு வருஷம் கட்டுப்பட்டேன். பிறகு அம்மாவே மனசு மாறினாள். புறப்படுகிற அன்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாசம் ஒரு கடுதாசி போட்டுரு சாமி. நீ என்ன எழுதறீன்னு எனக்கு வேண்டாம். கடுதாசி வந்தாப் போதும், எம்பையன் இருக்கறான்னு நெனச்சுக்குவேன்."

சரி என்றேன். அந்த வயதில் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை.

ரங்கூனைப் பற்றி ஊரில் சொன்னதெல்லாம் பாதிப் பொய். தங்கக் கோபுரம் இருந்தது உண்மை. அதன் கீழே ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மர மாடியில் எனக்கு இடம் கிடைத்தது. இடம் என்றால் ஒரு பாய் அகலம். அதுவும் முழுதாக எனக்கு இல்லை. மூட்டை தூக்குகிற ஒருவர் பகலில் அந்தப் பாயில் தூங்குவார், இரவில் நான். நான் போய்ப் படுக்கும்போது அவருடைய வேர்வை காய்ந்திருக்காது. மாடியில் நாற்பது பேர், கீழே ஒரு குழாய். மழை பிடித்தால் நாலு மாதம் விடாது. எங்கள் ஊரில் மழைக்காகக் கோயிலில் கெடா வெட்டுவோம். அங்கே வேட்டி காயாமல் பூசணம் பூத்தது. என் தோலிலும் பூத்தது.

தமிழர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் வாயைத் திறந்து "ஏனுங்க" என்றதும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுகிறான், நாய்க்கும் மரியாதை கொடுப்பான் போல என்றார்கள். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நான் பேச மாட்டேன். அது என் பிறவிக் குணம். அப்படியே இரண்டு மூன்று மாதம் தேவைக்கு மேல் யாரிடமும் பேசாமல் இருந்தேன். அண்ணனுக்குப் பயந்து அல்ல, அண்ணன் சொன்னது பலித்துவிடுமே என்று பயந்துதான் ஊருக்குக் கப்பலேறாமல் இருந்தேன்.

ஸ்டூடியோ மட்டும் வேறு உலகம். வடக்குப் பக்கம் முழுதும் கண்ணாடிக் கூரை. ஜப்பான்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அரைகுறை இந்துஸ்தானியில் பேசுவார், எனக்கு அதுவும் தெரியாது. கையைப் பிடித்துச் செய்து காட்டுவார். தப்பாகச் செய்தால் அடிக்க மாட்டார், படம் பதிந்த கண்ணாடித் தகட்டை எடுத்து வாளியில் போட்டு உடைப்பார். அந்தச் சத்தம் அடியைவிட மோசம். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தகட்டைக் கழுவிக் கழுவி என் பத்து விரல் நகமும் பழுப்பேறிப் போயின. எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்தக் கையாலேயே சோறு தின்றேன், சோற்றிலும் மருந்து வாடை அடித்தது.

அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று. போட்டோவைக் கழுவி முடித்ததும் நேராகப் பார்க்கக் கூடாது, தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் முகம் நம்மை ஏமாற்றிவிடும். அழகாக இருக்கிறாள், தாத்தா மாதிரி இருக்கிறான் என்று மனசு அதிலே போய்விடும். தலைகீழாகப் பார்த்தால் கறுப்பு எங்கே, வெளுப்பு எங்கே, நிழல் சரியா என்பது மட்டும் தெரியும். பெட்டிக்குப் பின்னால் உள்ள கண்ணாடியிலும் மனிதர்கள் தலைகீழாகத்தான் தெரிவார்கள். ஆறு மாதத்தில் எனக்கு அதுவே பழகிவிட்டது. ஆளை ஆளாகப் பார்க்கிற புத்தி போய்விட்டது என்றும் சொல்லலாம்.

முதல் ஏழெட்டு மாதம் ஒழுங்காகக் கடிதம் போட்டேன். நல்ல இடம், நல்ல சாப்பாடு என்று கூசாமல் எழுதினேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துக் காட்டுவார், அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் அவரே எழுதுவார். ஒரு பதிலில் அம்மா, "நல்லா இருக்கறேன்னு சொல்றயே, எளைச்சுப் போயிட்டயோ என்னமோ, எனக்கு எங்க தெரியுது சாமி" என்று கேட்டிருந்தாள். சரி, காட்டிவிடுவோம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டூடியோவில் இன்னொரு தமிழர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம், எனக்கு முன்னால் வந்து சேர்ந்தவர். ஜப்பான்காரரிடம் கேட்டுக்கொண்டு இருவருமாகப் பெட்டிக்குத் திருநீறு, சந்தனம் பூசி மாலை போட்டோம். என் நெற்றியிலும் திருநீறு பூசி, மிச்சமிருந்த மாலையை அவர் என் கழுத்தில் போட்டார். "உட்காரும், உம்மையும் ஒண்ணு எடுத்துடலாம்" என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு மேகம் மூடியிருந்ததால் மருந்துப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் போட்டார். பளீரென்று அடித்ததில் கண்ணை மூடிவிட்டேன்.

கழுவியது நான், அச்சுப் போட்டது நான். முதல் தடவையாக ஒரு படத்தை முழுதும் நானே செய்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வேட்டியின் மடிப்பு தனித்தனியாகத் தெரிந்தது, மாலையில் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. ஜப்பான்காரர் வாங்கிப் பார்த்தார். கண் மூடியிருக்கிறதே என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், பிறகு தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். அவர் தலையாட்டினதே எனக்குப் போதும். கண் மூடியிருந்தால் என்ன, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். திருநீறு, மாலை, நாற்காலி, மூடின கண். சாவு வீட்டில் வேட்டி பிடித்து நின்றவன் நான். எட்டு மாதத்தில் அதை மறந்தே போனேன்.

நாலு பக்கம் எழுதி, படத்துக்கு அட்டை வைத்து, தபாலாபீசுக்குப் போனேன். உள்ளே கடிதம் இருந்தால் இந்தக் குறைந்த கட்டணத்தில் போகாது, படத்தை மட்டும் வை என்றார் அங்கிருந்தவர். கடிதத்தை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், மறுநாள் தனியாகப் போடலாம் என்று. மறுநாள் எனக்கு ஜாகை மாற வேண்டியிருந்தது. தஞ்சாவூர்க்காரர் தன் அறையில் இடம் இருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். தனிப் பாய், ஜன்னல், தெருவில் டிராம் போவது தெரியும். ஒரு வழியாக எனக்கும் அந்த ஊரில் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். சட்டை சலவைக்குப் போனது. கடிதம் கூழாகித் திரும்பி வந்தது.

மறுபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. படம் போய்ச் சேரட்டும், அவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்தேன். பதில் வரவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஒரு படம் அனுப்பினால், நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுத ஆளில்லையா? அண்ணன் தடுத்திருப்பான் என்று தோன்றியது. அவர்கள் எழுதினால் நான் எழுதுகிறேன் என்று இருந்துவிட்டேன். புது விலாசத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் நன்றாகத்தான் இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். டிராமில் தொற்றத் தெரிந்தது, பர்மாக்காரர் கடையில் பேரம் பேசத் தெரிந்தது. முதல் தடவையாக ஒரு கல்யாண ஜோடியைத் தனியாக எடுக்க ஜப்பான்காரர் விட்டார்.

ஒரு நாள் காலை, இந்தியர் கடைத்தெருவில், சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலை வியாபாரி. எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் வருகிறவர், எங்கள் வீட்டில் மோர் குடித்தவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அவர் என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சாமி... நீங்க இருக்கறீங்களா?"

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் பேச்சு வந்தது.

"உங்க ஊட்டுக்குப் போயிருந்தனுங்க தம்பி. உங்க படத்தைச் செவுத்துல மாட்டி வெளக்கு வெச்சிருக்கறாங்க. நீங்க தவறிப் போயிட்டீங்கன்னு ஊரே சொல்லுது. உங்கண்ணன் கருமாதிக்கு நாள் பாக்கோணுங்கறாரு. உங்கம்மா ஒருத்தருதான் ஒத்துக்க மாட்டீங்கறாங்க. ஒரு வேளைதான் சோறு திங்கறாங்க, அதுவும் பாதிய வெச்சுர்றாங்க. உங்க சம்சாரத்தோட வளையல்ல ஒருத்தரையும் கை வெக்க உடலைங்க."

நடுத்தெருவில் நின்றுகொண்டு எனக்கு அந்தப் படம் முதல் தடவையாக நேராகத் தெரிந்தது. கையில் படம் இல்லை, ஆனாலும் தெரிந்தது.

பழைய மாடிக்கு ஓடினேன். என் பாயில் பகலில் தூங்குகிறவர் எழுந்து, உனக்குக் காகிதம் ஏதோ வந்தது, நீ இல்லை என்று தபால்காரனிடமே கொடுத்துவிட்டோம் என்றார். எத்தனை வந்தது என்று கேட்டேன். இரண்டோ மூன்றோ என்றார். அங்கிருந்து தந்தி ஆபீசுக்கு ஓடினேன். கடிதம் போட்டால் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அம்மா ஒரு வேளைச் சோற்றில் இருக்கிறாள். தந்தி மறுநாளே போய்விடும். உயிரோடு இருக்கிறேன், புறப்பட்டு வருகிறேன் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு வெளியே வந்து, இனிப் பயமில்லை என்று மூச்சு விட்டேன். ஜப்பான்காரரிடம் சொன்னபோது அவருக்கு முழுதும் புரிந்ததா தெரியாது. தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார், கப்பலில் குளிரும் என்று.

கப்பல் கிடைக்க மூன்று நாள், கடலில் நாலு நாள், மதராஸிலிருந்து ரயிலில் சங்கரிதுர்க்கம், அங்கிருந்து நடை. ஊர் எல்லையில் அண்ணன் நின்றிருந்தான். தலை மொட்டையாக இருந்தது. எனக்குக் கருமாதி செய்துவிட்டானோ, தந்தி வந்த பிறகுமா என்று நினைத்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுத பிறகுதான் மொட்டை யாருக்கு என்று தெரிந்தது. அம்மாவுக்குக் கடைசிப் பையன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எனக்குப் பதிலாக அவன் வைத்திருந்தான்.

என்ன நடந்தது என்று என் மனைவிதான் முழுதும் சொன்னாள். போட்டோ வந்த அன்று ஊரே கூடி அழுதிருக்கிறது. அம்மா மட்டும் அழவில்லை. படத்தோடு கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"சீமையில ஒருத்தன் செத்தா தந்தி வரும். பக்கத்தூர்ப் பையன் பட்டாளத்துல செத்தப்ப மூணாம் நாளே வந்துச்சுல்ல? என்ற பையனுக்குத் தந்தி வரலை. தந்தி வராத வரைக்கும் அவன் இருக்கறான்."

அண்ணன் விளக்கு ஏற்ற ஏற்ற அவள் அணைத்தாள். என் மனைவி பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் வளையல் கை நிறைய இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். வாத்தியாரை விட்டுக் கடிதம் எழுதச் சொன்னாள், ஒன்றல்ல, மூன்று. பதில் வராததற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பதில்தானே வரவில்லை, தந்தியும் வரவில்லையே என்றாள். அறுபது எழுபது நாள் இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறாள்.

அன்று மதியம் களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திருச்செங்கோட்டிலிருந்து தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, அண்ணன் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டார். அம்மாவிடமே கேட்டிருக்கிறார். அவள் என்ன விஷயம் என்றாள். ரங்கூன் தந்தி என்றார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள், வைத்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள்; மூச்சு மட்டும் இருந்தது.

இங்கிலீஷ் படிக்கிறவர் ஊரில் யாரும் இல்லை, வாத்தியாருக்கும் தமிழ் மட்டும்தான். அண்ணன் தந்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியுமே. பெண்கள் மாரடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் யாரோ, தேதியாவது தெரிய வேண்டாமா, திதி கொடுக்க வேணுமே என்று சொல்லி, அண்ணன் பள்ளிபாளையத்துக்கு நடந்து போய் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தான். அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறான். அம்மாவின் காதில் வாயை வைத்து, "அம்மா, தம்பி இருக்கறான், வாரானாமா" என்று கத்தியிருக்கிறான். ஊரே மாற்றி மாற்றிக் கத்தியிருக்கிறது. மூன்றாம் நாள் விடிகாலையில் அவள் போய்விட்டாள்.

நான் ரங்கூனுக்குத் திரும்பவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்தேன். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போகிறேன். இப்போது உயிரோடு இருக்கிறவர்களும் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். அம்மாவை மட்டும் நான் எடுக்கவே இல்லை. சேலத்தில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன், போடா என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்கு வந்த அந்த முதல் வாரத்தில் நான் ஒவ்வொருவரிடமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன். நான் இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்ததா? அண்ணன், "தலையாட்டுனாங்கடா, நானே பாத்தேன்" என்றான். சித்தி ஒருத்தி, கண்ணில் தண்ணீர் வந்தது என்றாள். பக்கத்து வீட்டுக்காரர், சிரித்த மாதிரி இருந்தது என்றார். மனசு கொஞ்சம் நிம்மதியானது. கடைசியில்தான் மனைவியிடம் கேட்டேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். துணியைப் பிழிந்து கல்லில் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"கேக்கலைங்க. அத்தை விழுந்ததுக்கு அப்புறம் ஒண்ணுமே அவங்க காதுல விழுகலைங்க."

ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், குழந்தைகள் பிறந்தன, இப்போது இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. அந்தக் கேள்வியை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவளிடம் கேட்டுவிடுகிறேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதில்லை.